மாசும் வாடகையும் சேர்ந்து நெருக்கும் குடியிருப்பில் மக்களை ஒருங்கிணைத்தல்: முழுமையான வழிகாட்டி

தொழிற்சாலைப் புகை, கழிவுநீர்க் கால்வாய், குப்பைக் கிடங்கு ஆகியவற்றில் ஏதோ ஒன்று அருகில் இருப்பதால்தான் பல குடியிருப்புகளில் வாடகை குறைவாக இருக்கிறது. வாடகை குறைவாக இருப்பதால்தான் வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. எனவே மாசு நீங்கும் நாளில் வாடகை ஏறும், அந்த நிலத்தின் மீது மற்றவர்களின் கண்ணும் விழும். இந்த முடிச்சைக் கவனிக்காமல் தொடங்கிய ஓர் இயக்கம் கால்வாயைச் சுத்தம் செய்ய வைத்ததையும், கரையோரம் நடைபாதை வந்த சில ஆண்டுகளுக்குள் அதற்காக மனு எழுதிய குடும்பங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து போய்விட்டதையும் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள படிகள் ஒன்றன் மேல் ஒன்று கட்டப்பட்டவை. புதிதாக வருபவர்களுக்கு ஆர்வமும் உழைப்பும் குறைவதில்லை. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, பிறகு பின்னோக்கி நடக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு படியிலும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: வெளியேற்ற அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், 9ஆம் பகுதியைப் படித்துச் செயல்பட்டுவிட்டுப் பிறகு இங்கே திரும்பி வாருங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அந்தக் குடியிருப்பிலேயே வாழும் மூன்று பேராவது வேண்டும். மூவரும் வெவ்வேறு தெருக்களைச் சேர்ந்தவர்களாகவும், அவர்களில் ஒருவர் வாடகைக்குக் குடியிருப்பவராகவும், ஒருவர் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் பெண்ணாகவும் இருப்பது நல்லது. சொந்த வீட்டுக்காரருக்கு நில மதிப்பு ஏறுவது மகிழ்ச்சியாக இருக்கலாம். வாடகைக்காரருக்கு அதுவே அச்சம். இந்த இரு குரல்களும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தால்தான் பின்னால் பிளவு வராது.

பக்க எண்ணிட்ட, தைத்துக் கட்டிய பதிவேடு ஒன்று வாங்குங்கள். தனித்தாள்கள் தொலைந்துபோகும், மேலும், இடையில் தாள் செருக முடியாத பதிவேட்டை அதிகாரிகளும் நீதிமன்றமும் கூடுதலாக மதிக்கின்றன. குடியிருப்பு வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரையும், நீர் அல்லது காற்று ஆய்வகத்தில் வேலை செய்தவர் ஒருவரையும் இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு உடனடி வேலை எதுவும் இருக்காது. ஆனால் தேவைப்படும் நாளில் ஆளைத் தேட நேரம் இருக்காது.

ஒன்றரை ஆண்டாவது இதற்கு ஒதுக்க முடியும் என்றால் மட்டுமே தொடங்குங்கள். சங்கத்தின் பெயர், சின்னம், பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய எதுவும் இப்போது வேண்டாம். பெயர் வைத்தவுடன் யார் தலைவர் என்ற கேள்வி எழும். செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில் எழும் அந்தக் கேள்வி பல குழுக்களைத் தொடக்கத்திலேயே உடைத்திருக்கிறது.

1. கூட்டம் போடுவதற்கு முன் வீடு வீடாகச் சென்று கேளுங்கள்

பெரும்பாலானோர் செய்யும் முதல் பிழை, துண்டறிக்கை அடித்துப் பொதுக்கூட்டம் கூட்டுவது. அதற்கு எப்போதும் வருபவர்களே வருவார்கள். எப்போதும் பேசுபவர்களே பேசுவார்கள். இரவு வேலைக்குச் செல்பவர்கள், படுத்த படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்பவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் ஆகியோரின் நிலைமை அந்தக் கூட்டத்தில் வெளிவராது.

இருவராகச் செல்லுங்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கவனிக்க வேண்டும். வெளியே வந்த பிறகே எழுத வேண்டும். கேட்பதற்கு மூன்று கேள்விகள் போதும்: இங்கே வாழ்வதில் உங்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது எது? அதற்காக இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? அவசரம் என்றால் இந்தத் தெருவில் முதலில் யாரிடம் போவீர்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். பத்து வீடுகளில் ஒரே பெயர் வந்தால் அவர்தான் அந்தத் தெருவின் உண்மையான தலைவர். பெரும்பாலும் எந்தப் பதவியிலும் இருக்க மாட்டார்.

கையெழுத்துப் படிவம் எதையும் இந்தச் சுற்றில் எடுத்துச் செல்ல வேண்டாம். படிவத்தைப் பார்த்தவுடன் மக்கள் கேட்க வந்தவராக உங்களைப் பார்ப்பதை நிறுத்தி, வாங்க வந்தவராகப் பார்க்கத் தொடங்குவார்கள். எதற்கும் வாக்குறுதி தராதீர்கள். வீடுகளில் பாதியையாவது முடித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. தெருவை அலகாக வைத்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுங்கள்

கராச்சியின் ஒராங்கிப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கழிவுநீர்க் குழாய்ப் பணி, இருபது முதல் முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து என்பதையே அமைப்பின் அலகாகக் கொண்டது. ஒவ்வொரு சந்தும் தன் மேலாளரைத் தானே தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, குழாய் பதித்தது. அந்த அளவு இன்றும் சரியாகவே இருக்கிறது: ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் எல்லா வீடுகளையும் எட்டிவிடலாம், பணமோ சொல்லோ தவறினால் உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பிரதிநிதிகள் இருக்கட்டும். முதல் கூட்டத்திலேயே மூன்று விதிகளைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதிகாரியையோ நிறுவனத்தையோ கட்டட முதலீட்டாளரையோ சந்திக்க மூவருக்குக் குறையாமல் செல்ல வேண்டும். சந்திப்பில் பேசியதை அதே வாரத்தில் தெருவில் வாசித்துக்காட்ட வேண்டும். எந்த ஒப்பந்தத்திலும் பிரதிநிதி தனியாகக் கையெழுத்திடக் கூடாது.

இவை நேர்மையற்றவர்களைத் தடுப்பதற்கு மட்டுமான விதிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரி தனியே அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பினாலே போதும், மறுநாள் தெருவில் வதந்தி பரவும். குற்றமற்ற ஒருவர் அந்த வதந்தியால் மனமுடைந்து விலகிப் போவதை நான் கண்டிருக்கிறேன். விதி அவரைப் பாதுகாக்கிறது.

3. எதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள்

ஒரு பெரிய தாளில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நிலம் ஆவணப்படி யாருடையது? மாசு ஏற்படுத்தும் ஆலைக்கு உரிமம் வழங்குவது யார்? அதைக் கண்காணிப்பது யார்? நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்தப் பகுதிக்கான திட்டங்களுக்குப் பணம் தருவது யார்? ஐந்துக்கும் ஒரே அலுவலகம் விடையாக வருவது அரிது. எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே அதிகாரியிடம் கொட்டிவிட்டு, அவருக்கு அதிகாரமே இல்லாத விஷயங்களுக்காக ஓராண்டு காத்திருப்பது இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் வழக்கமான முடிவு.

அடுத்து ஆவண நகல்களைப் பெறுங்கள். ஆலையின் உரிமமும் அதில் உள்ள நிபந்தனைகளும், கடந்த ஆய்வுகளின் அறிக்கைகள், நிலப் பதிவேடு, வரைவுத் திட்ட வரைபடம் ஆகியவை முக்கியமானவை. புகைபோக்கியின் உயரம், வெளியேற்ற அளவு, இயங்கும் நேரம் எல்லாம் உரிம நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். ‘துர்நாற்றம் தாங்க முடியவில்லை’ என்ற புகாரைவிட ‘இந்த நிபந்தனை இந்த நாட்களில் மீறப்பட்டது’ என்ற புகாருக்குப் பதிலளிக்க வேண்டிய கட்டாயம் அதிகம்.

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. இவற்றின் கீழ் விண்ணப்பிக்கும்போது ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவல் ஆகாது என்று எளிதாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த ஆவணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு நகல் கேளுங்கள். சுற்றுச்சூழல் முடிவுகளில் தகவல் பெறுவதும் பங்கேற்பதும் நீதி கோருவதும் மக்களின் உரிமை என்பதை ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் பல நாடுகளைக் கட்டுப்படுத்தும் 1998ஆம் ஆண்டு ஆர்ஹுஸ் உடன்படிக்கையும், லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான 2018ஆம் ஆண்டு எஸ்காசு உடன்படிக்கையும் வரையறுக்கின்றன. உங்கள் நாடு இவற்றில் ஒன்றில் சேர்ந்திருந்தால் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

உரிமம் புதுப்பிக்கும் நாள், திட்ட வரைவுக்கு ஆட்சேபணை தெரிவிக்கும் கடைசி நாள், நிதி ஒதுக்கீட்டு மாதம் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து மாட்டுங்கள். உரிமம் புதுப்பித்த மறுவாரம் நடத்தும் பேரணிக்கு அடுத்த புதுப்பிப்பு வரை பயன் குறைவு.

4. கணக்கெடுப்பை நீங்களே நடத்துங்கள்

இந்தப் படியைச் சுருக்க வேண்டாம். குடியிருப்பு அகற்றப்படும்போது மாற்று வீட்டுக்கான பட்டியல் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் எடுக்கும் கணக்கெடுப்பை வைத்தே உருவாகிறது. அன்று வேலைக்குப் போனவர், ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டாவது குடும்பம், மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் விடுபடுகிறார்கள். விடுபட்டவர் தான் அங்கே வாழ்ந்ததைப் பின்னர் நிரூபிக்க வேண்டும். அறிவிப்பு வருவதற்கு முன்பே, தேதியிட்ட, தெருவார் சரிபார்த்த பட்டியல் ஒன்று உங்களிடம் இருந்தால் அந்தச் சுமை அதிகாரிகளின் பக்கம் மாறுகிறது.

நைரோபியின் முக்குரு குடியிருப்புகளை 2017இல் மாவட்ட நிர்வாகம் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள் வாழும் அந்தப் பகுதியில், குடியிருப்பாளர்களும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளும் அதற்கு முன்பே சேகரித்திருந்த தரவுகள் அந்த அறிவிப்புக்கு அடித்தளமாக இருந்தன. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அங்கே உள்ளவர்கள் வசதியான பகுதிகளைவிட அதிக விலை தருகிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வெளிப்பட்டது. இங்கிருப்பவர்கள் எதற்கும் பணம் கட்டாதவர்கள் என்ற வாதத்துக்கு அதைவிட நேரான விடை இல்லை.

முதலில் கையால் வரைபடம் வரைந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் கொடுங்கள். பிறகு கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துணை எண் கொடுங்கள். கேள்விகள் இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார்கள், அதற்கு என்ன சான்று இருக்கிறது, மாத வருமானத்தில் வாடகைக்கும் தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு போகிறது, வேலையிடம் எவ்வளவு தொலைவு, விரைவாக வெளியேற முடியாதவர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா. அறுபது கேள்விகள் கொண்ட படிவங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது தெருவுக்குள் கணக்கெடுப்பவர்களே களைத்துப்போய் விடைகளைத் தாமாக நிரப்பத் தொடங்கிவிடுவார்கள்.

குடியுரிமை, குடிபெயர்வு நிலை பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். பெயர்ப் பட்டியலை ஒரு பதிவேட்டிலும் விடைகளை மற்றொன்றிலும் எழுதி, குறியீட்டு எண்ணால் மட்டும் இணையுங்கள். இரண்டும் வேறு வேறு வீடுகளில் இருக்கட்டும். பிறரிடம் போய்ச் சேர்ந்தால் தீங்கு செய்யக்கூடிய தகவலைக் காப்பதற்கு, அதைச் சேகரிக்காமல் இருப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

கணக்கெடுப்பு முடிந்தவுடன் ஒவ்வொரு தெருவிலும் கட்டட எண்களையும் குடும்ப எண்ணிக்கையையும் மட்டும் ஒரு வாரம் ஒட்டிவைத்துத் திருத்தம் கேளுங்கள். திருத்திய பட்டியலில் தெருப் பிரதிநிதிகள் தேதியுடன் கையெழுத்திட வேண்டும்.

5. மாசை அளந்து பதிவு செய்யுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் முப்பது நாள் நாட்குறிப்பு எழுதுங்கள். தெருவுக்கு இரண்டு வீடுகள், தினமும் மூன்று வேளை: நேரம், காற்றின் திசை, மணம், புகையின் நிறம், தண்ணீரின் நிறம், இருமல் அல்லது கண் எரிச்சல். இதற்குச் செலவு இல்லை. எப்போது, எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்லும். ஆலை அதிகாலை மூன்று மணிக்குப் புகை விடுகிறது என்றால், நண்பகலில் எடுத்த மாதிரி ஆலைக்கு நற்சான்று ஆகிவிடும்.

தண்ணீர் மாதிரியில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது, ஈயத்துக்கும் கிருமிக்கும் செய்முறை நேரெதிர் என்பதால். ஈயம் பழைய குழாயிலிருந்து கரைந்து வருகிறது. ஆகவே ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, அதிகாலையில் வரும் முதல் லிட்டரைச் சிறிதும் வழியவிடாமல் பிடிக்க வேண்டும். கிருமி ஆய்வுக்கோ, குழாய் வாயைச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய புட்டியில் விளிம்பைத் தொடாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

குளோரின் கலந்த தண்ணீர் என்றால் அந்தப் புட்டியில் சோடியம் தயோசல்பேட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, இல்லாத தூய்மையைக் காட்டும். குடிநீரில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 100 மில்லிலிட்டரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2015இல் குடியிருப்பாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வீடுகளுக்கு 300 மாதிரிப் பெட்டிகளை வழங்கினார்கள். சில வாரங்களிலேயே 250க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. எல்லா வீடுகளிலும் ஒரே செய்முறையைப் பின்பற்றியதால்தான், தண்ணீர் பாதுகாப்பானது என்ற அதிகாரபூர்வமான கூற்றை எதிர்த்து அந்த முடிவுகளால் நிற்க முடிந்தது.

காற்றுக்கு விலை குறைந்த லேசர் சென்சார்கள் கிடைக்கின்றன. ஈரப்பதம் மிகுந்த நாட்களில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால் இவை அளவைக் கூட்டிக் காட்டும். எனவே நிறுவுவதற்கு முன் இரண்டு வாரம் அரசின் அளவீட்டு நிலையத்துக்கு அருகில் வைத்து ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். சமையல் புகை படாத இடத்தில் பொருத்துங்கள். காற்று வரும் திசையில், ஆலைக்கு அப்பால் ஒரு கருவி கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கும் குடியிருப்பில் உள்ள கருவிக்கும் இடையிலான வேறுபாடே உங்கள் சான்று.

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகளுக்கு, 2021இல் திருத்திய உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டு அளவு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம். ஒரு மணி நேர உச்சத்தை ஆண்டு அளவோடு ஒப்பிட்டு ‘முப்பது மடங்கு’ என்று அறிவிக்காதீர்கள். எதிர்த்தரப்பு வல்லுநர் அந்த ஒரு வரியைக் காட்டியே மற்ற எல்லாத் தரவுகளையும் தள்ளிவிடுவார். 24 மணி நேரச் சராசரியை 24 மணி நேர அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். உள்நாட்டுச் சட்டத்தின் வரம்பு தளர்வாக இருந்தால் இரண்டையும் அருகருகே எழுதுங்கள்.

ஒவ்வொரு மாதிரியுடனும் எடுத்தவர், இடம், நேரம், யாரிடம் எப்போது ஒப்படைத்தார் என்ற சங்கிலிப் படிவம் செல்ல வேண்டும். வரம்புக்குள் வந்த முடிவுகளையும் அப்படியே பதிவேட்டில் வையுங்கள்; பாதகமானவற்றை மட்டும் காட்டுபவர்கள் என்று பெயர் வந்தால் அது நீங்காது.

நோய் பற்றிய கூற்றில் மிகுந்த கவனம் தேவை. தாய் ஒருவர் தன் குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு இந்தப் புகைதான் காரணம் என்று சொல்லும்போது அவரை நம்புகிறேன். ஆனால் சில நூறு குடும்பங்கள் உள்ள இடத்தில் ஒரு நோய்க்கும் ஓர் ஆலைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் வழியாக நிறுவுவது மிகக் கடினம். தற்செயலாகவே எண்ணிக்கை ஏறி இறங்கும். ‘இது நோயை உண்டாக்கியது’ என்று எழுதினால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. ‘பாதுகாப்பான அளவைத் தாண்டிய மாசில் இத்தனை குழந்தைகள் வாழ்கிறார்கள்’ என்று எழுதினால் அந்தப் பொறுப்பு மாசு செய்பவரிடமே இருக்கிறது.

6. குடியிருப்பு உறுதியைச் சுத்திகரிப்புக்கு முன்னால் வையுங்கள்

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் மார்ட்டின் பெனியா கால்வாய் தூர்ந்துபோய், மழைக்காலத்தில் கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது. தூர்வாரினால் நிலம் விலையேறும், அங்கே வாழ்பவர்கள் தூக்கியெறியப்படுவார்கள் என்பதைக் கரையோர மக்கள் முன்பே உணர்ந்தார்கள். 2004இல் நிறைவேறிய சட்டம் ஒன்றின் வழியாக, 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கூட்டாக வைத்திருக்கும் சமூக நில அறக்கட்டளைக்கு அவர்கள் வழிசெய்துகொண்டார்கள். கால்வாய்த் தூர்வாரல் அதன் பிறகு பல ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. இந்த வரிசையைத்தான் நான் ஒவ்வொரு குழுவிடமும் வலியுறுத்துகிறேன்.

சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்கிய பிறகு நில உறுதியைக் கேட்டால், உங்களிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டையும் ஒரே கோரிக்கை மனுவில், ஒன்று இல்லாமல் மற்றொன்றை ஏற்க மாட்டோம் என்று எழுதுங்கள். அதுவரை நச்சுக் காற்றைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறேனா என்று கேட்கலாம். இல்லை. உயிருக்கு ஆபத்தான கசிவையோ குடிநீரில் கலந்த நஞ்சையோ நிறுத்த உடனே நடவடிக்கை கேளுங்கள். பூங்கா, நடைபாதை, கரை அழகுபடுத்தல் போன்ற நில மதிப்பை உயர்த்தும் பணிகள்தான் காத்திருக்க வேண்டியவை.

எந்த வகை உறுதி யாருக்குப் பொருந்தும் என்பதைக் கணக்கெடுப்பு காட்டும். வாடகைக்காரர் மிகுந்த இடத்தில் எழுத்து ஒப்பந்தமும், வாடகை உயர்வுக்கு வரம்பும், காரணமின்றி வெளியேற்றத் தடையும் முதலில் தேவை. ஆவணமின்றிக் குடியிருப்பவர்கள் மிகுந்த இடத்தில் கூட்டு உரிமையைப் பரிசீலியுங்கள். அறக்கட்டளை முறையில் நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு குடும்பத்திடம் இருக்கும், விற்பனை விலை முன்பே ஒப்புக்கொண்ட வாய்பாட்டின்படி கட்டுப்படுத்தப்படும். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தில் கடன் தனிநபருக்குத் தரப்படாமல், சேமிப்புக் குழுவாகவோ கூட்டுறவாகவோ சேர்ந்த குடியிருப்புக்குத் தரப்பட்டது; நில உரிமையாளரிடம் பேசியதும் குடியிருப்பு முழுவதுமாகவே.

தனித்தனி உரிமை ஆவணம் தருகிறோம் என்றால் மக்கள் மகிழ்வது இயல்பு. பலர் தலைமுறையாக அதற்காகக் காத்திருந்தவர்கள். ஆயினும் விலை ஏறும் இடத்தில், மருத்துவச் செலவிலோ கடனிலோ சிக்கிய வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, மிஞ்சியவர்கள் சூழப்பட்டுவிடுவார்கள். இந்த ஆபத்தைத் தெருக் கூட்டங்களில் விளக்கிவிட்டு முடிவை மக்களிடம் விடுங்கள்.

‘கட்டுப்படியாகும் வீடு’ என்ற சொல்லை யார் எந்தக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் வீட்டுச் செலவு அடங்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். ஆனால் யாருடைய வருமானம்? நகரத்தின் நடுநிலை வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகை) 100 என்றும் உங்கள் குடியிருப்பின் நடுநிலை வருமானம் 40 என்றும் வைத்துக்கொள்வோம். நகர வருமானத்தில் 80 விழுக்காடு உள்ளவருக்குக் கட்டுப்படியாகும் வாடகை 24. அது உங்கள் குடும்பத்தின் வருமானத்தில் 60 விழுக்காடு. திட்ட அறிக்கையில் ‘கட்டுப்படியாகும்’ என்றே அச்சாகியிருக்கும். எனவே ‘இப்போது இங்கே வாழ்பவர்களின் வருமானத்தில் இத்தனை விழுக்காடு’ என்று மனுவில் எழுதுங்கள்.

மாற்றிடம் தர முன்வந்தால், ஐ.நா. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 1991இல் வெளியிட்ட 4ஆம் பொதுக் கருத்துரையின் ஏழு கூறுகளைக் கொண்டு அதைச் சோதியுங்கள்: குடியிருப்பு உறுதி, அடிப்படை வசதிகள், கட்டுப்படியாகும் செலவு, வாழத்தக்க தன்மை, அனைவரும் அணுகக்கூடிய தன்மை, இருப்பிடம், பண்பாட்டுப் பொருத்தம். மாசுபட்ட இடத்திலோ மாசின் தோற்றுவாய்க்கு மிக அருகிலோ வீடு கட்டக் கூடாது என்றும் அதே கருத்துரை சொல்கிறது. ஒரு புகைபோக்கியிலிருந்து அகற்றி மற்றொரு குப்பைமேட்டின் அடியில் குடியமர்த்தும் திட்டத்தை மறுக்க அந்த வரி உதவும்.

7. கோரிக்கைகளை மூன்றுக்குள் அடக்குங்கள்

இருபது கோரிக்கை கொண்ட மனுவுக்கு, எளிதான ஒன்றை நிறைவேற்றிவிட்டு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். ஒவ்வொரு கோரிக்கையிலும் யார், என்ன, எந்தத் தேதிக்குள், நிறைவேறியதை எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். ‘கழிவு லாரிகளைக் கட்டுப்படுத்த வேண்டும்’ என்பதை யாராலும் மறுக்க முடியாது, நிறைவேற்றவும் முடியாது. ‘வரும் மாதம் முதல் தேதியிலிருந்து எல்லா லாரிகளும் மூடித் துணியுடன் செல்ல வேண்டும், நுழைவாயில் பதிவேட்டைப் பிரதிநிதிகள் வாரந்தோறும் பார்க்க அனுமதிக்க வேண்டும்’ என்பதைச் செய்தார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

மூன்றில் ஒன்று மூன்று மாதத்துக்குள் கிடைக்கக்கூடியதாக இருக்கட்டும். சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள்தான் நெடிய போராட்டத்துக்கு நிற்பார்கள்.

8. சந்திப்புக்கும் கருத்துக்கேட்புக்கும் ஒத்திகை பாருங்கள்

அதிகாரியைச் சந்திக்கச் செல்லும்போது பேசுபவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விகளை முன்பே எழுதிச் செல்லுங்கள். அன்று மாலையே, பேசியதைச் சுருக்கி, ‘நாங்கள் புரிந்துகொண்டது இது, தவறு இருந்தால் ஏழு நாட்களுக்குள் தெரிவியுங்கள்’ என்று கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வாய்மொழி வாக்குறுதி ஆவணமாவது இப்படித்தான்.

பொதுக் கருத்துக்கேட்பில் இருபது பேர் ஒரே விஷயத்தைப் பேசினால் குறிப்பில் அது ஒரு வரியாகச் சுருங்கும். ஒருவர் தண்ணீர், ஒருவர் வாடகை, ஒருவர் பள்ளிக்குச் செல்லும் பாதை என்று பிரித்து, மூன்று நிமிடத்துக்குள் பேசப் பழகுங்கள். பேசியதை எழுத்திலும் தாக்கல் செய்யுங்கள். பின்னால் மேல்முறையீடு செய்யும்போது தாளில் இருப்பது மட்டுமே துணைக்கு வரும்.

9. வெளியேற்ற அறிவிப்பு வந்தால் முதல் மூன்று நாட்கள்

அறிவிப்பை ஒட்டிய இடத்திலேயே, தேதி தெரியும்படி படம் எடுங்கள். எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாள் அவகாசம், யார் கையெழுத்து என்று குறித்து, 24 மணி நேரத்துக்குள் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள். இடைக்காலத் தடை கோருவதற்கான காலம் மிகக் குறுகியது. வீடு இடிந்த பிறகு கிடைக்கும் தீர்ப்பு இழப்பீட்டைத் தரலாம், வீட்டைத் தராது.

இரண்டாம் நாள், கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைப் பெறுநரின் ஒப்புகையுடன் அதிகாரியிடம் தாக்கல் செய்யுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் ஆவண நகல்களை நீர் புகாத உறையில் வைத்து, ஒரு தொகுதியைக் குடியிருப்புக்கு வெளியே இருக்கும் நம்பிக்கையானவரிடம் கொடுக்கட்டும். மூல ஆவணத்தை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வெற்றுத் தாளிலோ, ‘விருப்பத்துடன் வெளியேறுகிறேன்’ என்ற படிவத்திலோ கையெழுத்திட வேண்டாம் என்று தெருத் தெருவாகச் சொல்லுங்கள்.

ஐ.நா. குழுவின் 1997ஆம் ஆண்டு 7ஆம் பொதுக் கருத்துரை, வெளியேற்றத்துக்கு முன் உண்மையான கலந்தாலோசனை, போதுமான முன்னறிவிப்பு, சட்டத் தீர்வுக்கான வழி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. மோசமான வானிலையிலோ இரவிலோ வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் பள்ளித் தேர்வுக் காலத்தையும் தேர்தலுக்கு முந்தைய காலத்தையும் சேர்க்கின்றன. இவை எல்லா நாட்டு நீதிமன்றங்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மனுவில் மேற்கோள் காட்டத் தகுந்தவை.

மூன்றாம் நாளுக்குள், படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் ஆகியோரைத் தேவைப்பட்டால் யார் எங்கே அழைத்துச் செல்வது என்பதைத் தெருப் பிரதிநிதிகள் முடிவு செய்திருக்க வேண்டும். படம் எடுக்கவும் சாட்சியாக நிற்கவும் வெளியிலிருந்து இருவரை அழைத்து வையுங்கள்.

10. பணத்தை ஒளிவில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்

ஆய்வகக் கட்டணமும் வழக்குச் செலவும் வரும் கட்டத்தில்தான் பணம் தேவைப்படும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மிகச் சிறிய மாதச் சந்தா போதும்; தொகையைவிட, இது தன்னுடையது என்ற உரிமையுணர்வு முக்கியம். இருவர் கையெழுத்தின்றிப் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள். மாதந்தோறும் கணக்கைத் தெருவில் வாசியுங்கள். மாசு செய்யும் நிறுவனம், கட்டட முதலீட்டாளர், கட்சி ஆகியோரிடமிருந்து எதையும், விளையாட்டுப் பொருளாகவோ விழா நன்கொடையாகவோகூட, பெறாதீர்கள். பிரதிநிதிகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

11. உடன்பாடு கையெழுத்தான பின் அளப்பதைத் தொடருங்கள்

பல குழுக்கள் உடன்பாட்டு நாளில் கலைந்துவிடுகின்றன; அதற்காகவே மறுதரப்பு காத்திருக்கும். எந்தத் தேதிக்குள் எது முடிய வேண்டும், தவறினால் என்ன விளைவு, யார் சரிபார்ப்பது என்பவை உடன்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாடகை, குடும்ப எண்ணிக்கை ஆகிய இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கெடுங்கள். காற்றின் அளவு குறைந்து குடும்பங்களும் குறைந்திருந்தால் 6ஆம் படியில் ஏதோ ஓட்டை இருக்கிறது. யார் போனார்கள், எந்த மாதத்தில் போனார்கள், வாடகை எவ்வளவு ஏறியிருந்தது என்று அந்த வீடுகளின் அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளுடன் உடன்பாட்டில் கையெழுத்திட்டவரிடம் மூவராகச் செல்லுங்கள்.

மாதிரிகளை முன்பு எடுத்த அதே குழாயில், அதே நேரத்தில், அதே செய்முறையில் எடுங்கள். இடம் மாறினால் முன்பின் ஒப்பீடு செல்லாது. பதிவேட்டின் நகல் மூன்று வீடுகளில் இருக்கட்டும். அவற்றில் ஒன்று, இந்த வேலையை அடுத்து ஏற்கப்போகும் இளையவர் ஒருவரின் வீடாக இருக்கட்டும்.